இடது பக்கப் பெட்டியும் சீட் கவர் பில்லும்

போன மாதம் எங்கள் வாகன மின்வேலைக்காரர் சங்கக் கூட்டத்தில் புதுக் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தது. இப்போது வரும் கார்களில் பாட்டுக் கேட்பதற்கென்று தனியாக ஒரு செட் கிடையாது. முன்பக்கத்தோடு ஒட்டிப்பிறந்த ஒரு திரைதான். அதைக் கழற்றினால் வேறு எந்தக் காருக்கும் பொருந்தாது, ஆகையால் கள்ளனும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. "அப்ப நீங்கள்லாம் எதுக்குண்ணே பாட்டுப் பெட்டிய ஒளிச்சு ஒளிச்சு வச்சீங்க? அதுல அப்படி என்ன இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று செயலாளர் தலையில் கட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியை ஒரு முறை என்னிடம் பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரும் கேட்டிருக்கிறார்.

என் பெயர் சந்தனம். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினேழு வயதில் கண்டிக்கு வந்து, ஒரு கடையில் டைனமோ கட்டப் பழகினேன். இனக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டார். நான் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஹனிபா நானாவின் பட்டறையில் சேர்ந்தேன். பழகிய கதை இவ்வளவுதான். அதற்கு மேல் சொன்னால் என் பெருமையாகிவிடும்.

நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். அவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. வெள்ளைச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாகக் காலையில் வருவார். மாலையில் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். அத்தனை கறுப்பு எண்ணெய்க்கும் நடுவில் அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஸ்குரூட்ரைவரைத் தொடமாட்டார். ஆனால் அவருடைய காதை ஏமாற்ற முடியாது. வேலை முடிந்த காரின் பின் டிக்கி மூடியின் மேல் ஒரு கிளாஸ் பிளேன்டீயை வைக்கச் சொல்லுவார். நான் உள்ளே உட்கார்ந்து, கீழ்ச்சத்தத்திலிருந்து மேல்வரை ஒரே சீராக ஏறும் ஒரு கசெட்டைப் போடுவேன். அவர் தேநீரின் மேற்பரப்பையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். எந்தச் சத்தத்தில் தேநீர் நடுங்குகிறதோ அந்த இடத்தில் ஏதோ ஒரு தகடு லூஸ் என்று அர்த்தம். கையை நீட்டி, "இதுக்குள்ள ஒண்டு ஆடுது சந்தனம், பாருங்க" என்பார். தொண்ணூறு வீதம் சரியாக இருக்கும். பரிசோதனை முடிந்ததும் அந்தத் தேநீரைக் குடித்துவிடுவார்.

அந்தக் காலத்தில் செட் திருட்டு அப்படி. கைப்பிடி வைத்த செட்டுகள் இருந்தன, இழுத்தால் வெளியே வந்துவிடும். கலியாண வீட்டுக்குப் போனால் ஆண்கள் ஒவ்வொருவரும் மடியில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். செட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம் சரி, அடிச்சத்தம் தரும் பேஸ் ஸ்பீக்கரை எப்படித் தூக்குவது? அதற்குப் பெட்டி வேண்டும், பெட்டி பெரியது. ஆகவே அதைக் காருக்குள்ளேயே யார் கண்ணிலும் படாமல் மறைக்க வேண்டியிருந்தது. அந்த வேலை என்னிடம் வந்தது.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு இருக்க முடியாது. கள்ளன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்று கள்ளனிடமே கேட்டுவிடலாமென்று தோன்றியது. செட் திருடி இரண்டு தடவை உள்ளே போய் வந்த ஒருவர் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் திருத்த வந்திருந்தார். பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நாங்க ஸ்பீக்கரத் தேடுறதில்லண்ணே. ஸ்குரூவத்தான் பாப்போம். பழைய கார்ல புது ஸ்குரூ மின்னிச்சுன்னா அந்தப் பலகைக்குப் பின்னால சாமான் இருக்கு. தூசி இல்லாத பலகையும் அப்படித்தான். அப்புறம் சிக்னல்ல நிக்கிறப்ப காத வச்சுக் கேளுங்க. பேஸ் இருக்கிற கார்னா பின் நம்பர் பிளேட் கிடுகிடுங்கும்."

அடேயப்பா, நாலு வருட வேலையில் நான் கற்காததை அவர் நாலு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கம்பளித் துண்டு வைத்தேன். கழற்றிய பழைய ஸ்குரூவையே திரும்பப் போட்டேன். பலகையைக் கழற்றும் முன் அதிலிருக்கும் தூசியைப் பெயின்ட் பிரஷால் கூட்டி ஒரு கடதாசியில் மடித்து வைப்பேன். எல்லாம் முடிந்த பின் அதே தூசியை அதே பலகையில் தூவி விடுவேன். நானா இதைப் பார்த்து, "உங்களுக்குக் கொஞ்சம் பிசகிட்டுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் வேலை ஒன்றுகூடக் களவு போகவில்லை என்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

நானாவும் தன் பங்குக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். முன்பெல்லாம் பில்லில் விவரமாக எழுதுவோம், இன்ன இடத்தில் இன்ன அளவுப் பெட்டி என்று. ஒரே வாரத்தில் எங்கள் வாடிக்கையாளர் இரண்டு பேருடைய கார்கள் உடைபட்டன, இரண்டிலும் நேராகப் பெட்டி இருந்த இடத்திலேயே கை வைத்திருந்தார்கள். எங்கள் பில் புத்தகத்தை யாரோ படித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மறைத்து வைக்கும் வேலை எதுவானாலும் பில்லில் "சீட் கவர் தைத்தது" என்றுதான் எழுதப்பட்டது. பெட்டியை வேலை செய்ய வைக்கும் ரகசியச் சுவிட்ச் எதுவென்பது செய்த எனக்கும் சொந்தக்காரருக்கும் மட்டும் தெரிய வேண்டும். நானா காதைப் பொத்திக்கொள்வார். "எனக்குச் சொல்லாதீங்க. தெரியாத விசயத்த யாரும் எங்கிட்ட இருந்து புடுங்க ஏலா" என்பார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சிவபாலன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டடப் பொறியியலாளர், கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. வெள்ளை நிறப் பழைய ஜப்பான் கார். அவருடைய செட்டும் ஸ்பீக்கர்களும் இரண்டு தடவை களவு போயிருந்தன. பெட்டியை மறைத்துத் தரச் சொன்னார். சத்தத்தைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாதஸ்வரக் கசெட் போட்டால் தவிலின்ர தொப்பிப் பக்கம் கேக்கோணும் சந்தனம். இப்ப கேக்கிறது தகரத்தில தட்டுற மாதிரி. தொப்பி நெஞ்சில விழோணும்."

தொப்பி என்றால் தவிலில் குச்சியால் அடிக்கும் இடது பக்கம், அங்கேதான் அடிச்சத்தம் இருக்கிறது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. பயணிகள் வான் ஓட்டுகிறவர்கள் ஊரை எழுப்ப பேஸ் கேட்பார்கள். இந்த மனிதர் தவிலின் ஒரு பக்கத்தைக் கேட்கிறார்.

கார் நாலு நாள் எங்களிடம் நின்றது. டிக்கியின் இடது பக்கத்துப் பலகைக்குப் பின்னால், வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே ஒரு கோணலான குழி இருக்கும். அந்தக் குழி முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் மெழுகு பூசி, ஃபைபர் கிளாஸ் துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ரெசினில் நனைத்துப் படியப் படிய அடுக்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் போடக்கூடாது, போட்டால் சூடேறி வெடிக்கும். இறுகியதும் அலுங்காமல் வெளியே எடுத்தால் அந்தக் குழியின் உருவமே கையில் வரும். அதற்குள் ஒரு லீட்டர் சோடாப் போத்தலால் தண்ணீர் ஊற்றி எண்ணினேன். பதினெட்டுப் போத்தல் பிடித்தது. எட்டங்குல ஸ்பீக்கருக்கு அது சற்றுக் குறைவு. அதற்கும் வழி உண்டு, தலையணைக்கு வைக்கும் இலவம் பஞ்சை உள்ளே நிரப்பினால் சின்னப் பெட்டி பெரிய பெட்டியாக நடந்துகொள்ளும். அரைத் தலையணைப் பஞ்சை அடைத்து, முகப்புப் பலகையை ஒட்டி, ஸ்பீக்கரை எட்டு ஸ்குரூவால் இறுக்கினேன். சுவிட்ச் இரண்டு: பின் கண்ணாடியைச் சூடாக்கும் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சிகரெட் லைட்டரையும் அமுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி விழிக்கும்.

சேர் தவிலைக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்து, மனைவி கையால் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் கொடுத்தார்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு நாள் காலை பத்து மணியளவில் அவருடைய மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் எங்கள் பில்.

"தம்பி, பொலிஸில இருந்து போன் வந்தது, அவரைப் பாலத்தடிச் சோதனையில பிடிச்சு வச்சிருக்கிறாங்களாம். டிக்கிப் பலகையைக் கழட்டிப் பாத்ததில ஒளிச்சு ஒரு பெட்டி, வயர் எல்லாம் இருக்காம். பாட்டுப் பெட்டி எண்டு சொன்னதுக்கு பில்லைக் காட்டச் சொல்லினமாம். அவரைக் காரைத் தொடவும் விடுகினமில்லையாம்." பில்லை நானாவின் முன் நீட்டினார். "இதில ஏன் சீட் கவர் எண்டு எழுதியிருக்கு?"

போர்க்காலம் அது. கண்டிக்குள் வரும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை, டிக்கிக்குள் மறைத்த பெட்டி, அதிலிருந்து வயர், கையில் பொய்யான பில். இந்த நாலையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் யாருக்கும் வேறென்ன தோன்றும்? நானா பில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பொய்யை எழுதியது அவருடைய கை.

"நான் போய்ச் சொல்லுறன். நீங்க வர வேணாம் சந்தனம். உங்கட பேரும் தமிழ். ரெண்டு பேரையும் சேத்து முடிச்சுப் போடுவானுகள்."

"சுவிட்ச் ஒங்களுக்குத் தெரியாதே நானா."

எனக்குப் போகப் பயம்தான். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். தோட்டத்துப் பக்கத்தில் இப்படிக் கொண்டுபோன இரண்டு பேர் வருடக்கணக்கில் திரும்பி வரவில்லை. இருந்தும் நான் கட்டிய பெட்டிக்காக ஒரு மனிதர் தெருவில் உட்கார்ந்திருக்கும்போது பட்டறைக்குள் ஒளிந்துகொண்டால் எப்படிச் சோறு இறங்கும்? ஸ்குரூட்ரைவரை எடுத்துக்கொண்டு, சேரின் மனைவியோடும் நானாவோடும் ஆட்டோவில் ஏறினேன்.

திகன வீதியில் பாலத்தடியில் இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. சேருடைய கார் ஒரு மரத்தடியில் தனியே, டிக்கி திறந்தபடி, சுற்றிக் கயிறு கட்டி. மணல் மூட்டைகளுக்கு அருகில் சேர் தரையில் உட்கார்ந்திருந்தார், மூக்குக் கண்ணாடி இல்லாமல். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவமானம் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் கையில் ஒரு துண்டுக் கடதாசி. "சந்தனம் யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். சேரின் மனைவி போனில் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

"இந்தப் பெட்டியைச் செய்தது நீயா?"

"ஆமாம் சேர். பாட்டுக் கேட்கிற பெட்டி."

"எதற்கு ஒளித்தாய்? அதில் அப்படி என்ன இருக்கிறது?"

"கள்ளருக்குப் பயந்து சேர்."

"ஸ்குரூ எல்லாம் பழசு. ஏன்?"

"புதுசு போட்டால் கள்ளருக்குத் தெரிந்துவிடும்."

"பலகையில் தூசி இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் கழற்றிய பலகையில் இவ்வளவு தூசி எப்படி?"

"நான்தான் தூவினேன்."

சுற்றி நின்ற பொலிஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு பதிலும் குண்டு வைத்தவன் சொல்லக்கூடிய பதிலாகவே இருந்தது. நானா முன்னால் வந்து, பில்லில் பொய் எழுதியது தான்தான், களவுக்குப் பயந்துதான் என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குண்டு பரிசோதிக்கும் ஆட்கள் வரச் சாயங்காலமாகுமாம். அதற்குள் சேரை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். மேலிடம் என்றால் என்னவென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"நான் அதைப் பாட வைத்துக் காட்டுகிறேன்" என்றேன்.

அவர் காரின் பக்கம் கையைக் காட்டினார். "போய்ப் பாட வை. நாங்கள் இங்கேயே நிற்கிறோம்."

நானாவும் என்னோடு காலெடுத்து வைத்தார். ஒரு கான்ஸ்டபிள் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

மணல் மூட்டையிலிருந்து காருக்கு ஒரு நூறு அடி இருக்கும். அதில் பாதித் தூரம் போகும்வரை எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. என் பெட்டி, அரைத் தலையணைப் பஞ்சு, வேறென்ன? அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது. கார் மூன்று வாரம் அவரிடம் இருந்திருக்கிறது. எட்டு ஸ்குரூவைக் கழற்ற எத்தனை நேரம் வேண்டும்? பஞ்சை எடுத்துவிட்டால் பதினெட்டு லீட்டர் இடம். அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தவில் பிடிக்கும், கூழ் கொடுத்தார். அவ்வளவுதானே. மறைத்துத் தா என்று கேட்டு வந்தவரும் அவர்தானே.

கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் சுடுவார்கள் என்ற பயத்தில் திரும்பவில்லை. டிக்கியில் குனிந்து வயரைப் பார்த்தேன். அதில் சுற்றிய கறுப்பு டேப் நான் சுற்றியதுதானா? என் கை வேலையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஸ்குரூத் தலைகளில் புதுக் கீறல் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. என் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாரதி ஆசனத்தில் ஏறினேன்.

சாவி. பின் கண்ணாடிப் பொத்தான். லைட்டர். அமுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. கசெட் ஆரம்பத்தில் வெறும் நாடா ஓடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பத்து செக்கனும் எனக்குப் பத்து வருடம். பிறகு நாதஸ்வரம் தொடங்கியது. அதன் பின்னால் தவில் விழுந்தது, என் முதுகில், ஆசனத்தின் வழியாக. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். பஸ்ஸிலிருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் சிரித்தது கேட்டது. எனக்கு அழுகைதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து இடது பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதோடு விட்டாரா? பெட்டியை வெளியே எடுத்து, ஸ்பீக்கரைக் கழற்றி, பஞ்சு முழுவதையும் பிடுங்கச் சொன்னார். பிடி பிடியாக எடுத்து வீதியில் போட்டேன், காற்றில் அது ஆற்றுப் பக்கம் பறந்தது. வெறும் பெட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். அவர் கண் முன்னாலேயே நானா சரியான விவரத்தோடு வேறொரு பில் எழுதிக் கையெழுத்திட்டார். வாக்குமூலம் எல்லாம் முடித்துச் சேரை விடும்போது மூன்று மணி. அதற்குப் பிறகு நானா பில்லில் பொய் எழுதியதே இல்லை. உண்மை விவரம் எழுதி, உறையில் ஒட்டி, சொந்தக்காரரிடமே கொடுத்துவிடுவோம். எங்களிடம் பிரதி வைப்பதில்லை.

ஒரு வாரம் கழித்துச் சேர் காரைக் கொண்டுவந்தார். பெட்டி டிக்கியில் சும்மா கிடந்தது.

"இந்தச் சனியனே வேண்டாம் சந்தனம். வயரையும் கழட்டி எடுத்துவிடும்."

நான் டிக்கிக்குள் தலையை விட்டு வேலையைத் தொடங்கினேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.

"அண்டைக்குக் காருக்குள்ள ஏறேக்க உமக்கு என்ன நினைப்பு வந்தது? உண்மையைச் சொல்லும்."

பொய் சொல்லியிருக்கலாம். கூழ் குடித்த வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் பொய்யின் பலனைத்தான் பார்த்துவிட்டோமே.

"ஒங்களத்தான் சேர் சந்தேகப்பட்டேன். நீங்க உள்ளுக்கு ஏதாவது வச்சிருப்பீங்களோன்னு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"ஓம், வந்திருக்கும்" என்றார். டிக்கி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, "உமக்கு ஒரு நிமிசம். நான் நிலத்தில இருந்த ரெண்டு மணித்தியாலமும் உம்மைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தனான். நாலு நாள் கார் உங்களிட்ட நிண்டது. உள்ளுக்கு என்ன வச்சு ஒட்டினியள் எண்டு எனக்கென்ன தெரியும்? அவங்கள் கேக்க, பெட்டிக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது, செய்தவனைக் கேளுங்கோ எண்டு உம்மட பேரையும் பட்டறையையும் சொல்லிப்போட்டன். நீர் வந்திராட்டி உம்மைத் தேடி ஜீப் வந்திருக்கும்."

என் கை வயரிலேயே நின்றது. அந்தத் துண்டுக் கடதாசியில் என் பெயர் எப்படி வந்ததென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரப் பார்த்தது, ஆனால் கோபப்பட என்னிடம் என்ன நியாயம் இருந்தது? இரண்டு பேருமே மற்றவரைக் கொலைகாரனென்று நினைத்தோம். ஒருவர் தரையில் இருந்து நினைத்தார், ஒருவர் நடந்துகொண்டு நினைத்தார்.

"பயம் சந்தனம். வேற ஒண்டுமில்லை."

"எனக்கும் அதுதான் சேர்."

அவர் குனிந்து பெட்டியைத் தூக்கி, திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தார். என்னிடமும் சரித்துக் காட்டினார். உள்ளே ஃபைபரின் மஞ்சள் நிறத்தைத் தவிர எதுவுமில்லை.

"ஒண்டுமில்லையெண்டு இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார். "திரும்பக் காரிலயே பூட்டும்."

புதுப் பஞ்சு வாங்கி வரச் சந்தைக்கு அவரே போனார். நாங்கள் இருவரும் சேர்ந்து கை மாற்றிக் கை மாற்றி அதை உள்ளே அடைத்தோம். ஸ்பீக்கரை நான் பிடித்துக்கொள்ள, எட்டு ஸ்குரூவையும் அவர் முறுக்கினார்.